ஸ்டார் போடாத எண்: பதினோரு வயதுச் சிறுமியின் டெங்குக் காய்ச்சல்

11 வயதுச் சிறுமி. எடை 28 கிலோ. ஐப்பசிக் கடைசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் அப்பாவும் அழைத்து வந்தார்கள். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் நடத்துவது ஐந்து படுக்கைகள் கொண்ட சிறிய மருத்துவமனை. ஸ்கேன் எடுக்க அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு எதிரே ஒரு லேப் உண்டு. பெரும்பாலான டெங்கு நோயாளிகள் முதலில் வந்து சேர்வது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் என்பதால் இந்தக் குழந்தையின் ஒரு வாரத்தை முழுமையாக எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு, "மூணு நாளா சார்" என்றார் அம்மா. இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள முடியாது. டெங்குவில் எல்லாக் கணக்கும் காய்ச்சலின் முதல் மணியிலிருந்து ஓடுகிறது. எந்தப் பரிசோதனை எப்போது பலன் தரும், ஆபத்துக் கட்டம் எப்போது திறக்கும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். மறுபடி கேட்டேன். "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தா. சுண்டல் அவிச்சு வச்சிருந்தேன், வேண்டாம்னுட்டுப் படுத்துட்டா. தொட்டுப் பாத்தா நெருப்பா கொதிக்கு." அப்படியென்றால் வெள்ளி மாலை ஐந்து மணி. கேஸ் ஷீட்டின் தலையில் அதைத்தான் முதலில் எழுதினேன். நான் பார்த்தபோது 41 மணி நேரம் ஆகியிருந்தது. நாள் கணக்கில் மூன்றாம் நாள்.

கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு வலி, கால் குடைச்சல். இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, தொண்டை வலி இல்லை. ஒரு தடவை வாந்தி. மருந்துக் கடையில் கேட்டு ஒரு சிரப் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பாட்டிலைப் பார்த்தேன். பாராசிட்டமாலோடு மெஃபனமிக் ஆசிட் என்ற வலிநிவாரணி கலந்தது. காய்ச்சலைச் சட்டென்று இறக்கும் என்பதால் நம் ஊரில் இது நிறைய விற்கிறது. டெங்குவில் இந்த வகை மருந்து வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களின் வேலையையும் கெடுக்கும். ஏற்கெனவே ரத்தக் கசிவுக்கு வாய்ப்புள்ள நோயில் இது வேண்டாத விருந்தாளி. நிறுத்தச் சொல்லி, வெறும் பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டாமல், ஆறு மணி நேர இடைவெளியில் எழுதிக் கொடுத்தேன்.

உடலில் தெரிந்தவை

வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட். நாடி நிமிடத்துக்கு 112. முகமும் கழுத்தும் மார்பின் மேல்பகுதியும் லேசாகச் சிவந்திருந்தன. மாநிறத் தோலில் இந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. கையை அவள் மார்பில் ஐந்து நொடி அழுத்தி எடுத்தால் விரல் தடம் வெளிறித் தெரிந்து மறையும். சுற்றியுள்ள தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பது அந்த ஒரு கணத்தில் புலப்படும். கல்லீரல் விலாவுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் தட்டுப்பட்டது. அழுத்தினால் முகம் சுளித்தாள்.

பிறகு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை வைத்துச் செய்யும் கஃப் பரிசோதனை. ரத்த அழுத்தம் 100/64. இரண்டுக்கும் நடுவே 82. கையில் கட்டிய கஃப்பை 82ல் நிறுத்தி ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் குழந்தைக்குத் தொந்தரவாகத்தான் இருக்கும். அவளிடம் பள்ளிக்கூடக் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். கஃப்பை எடுத்து, நிறம் திரும்பும்வரை காத்திருந்து, முழங்கை மடிப்புக்குக் கீழே ஓர் அங்குலச் சதுரம் வரைந்து எண்ணினேன். கடுகைவிடச் சிறிய சிவப்புப் புள்ளிகள் பதினான்கு. பத்து இருந்தாலே பாசிட்டிவ். புள்ளி வராவிட்டால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் வந்துவிட்டால், அதோடு வெள்ளணுவும் குறைந்திருந்தால், டெங்குப் பருவத்தில் என் சந்தேகம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு பைசா செலவில்லாத இந்தப் பரிசோதனையை இப்போது பலரும் கைவிட்டுவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் தேடினேன். இந்தப் பகுதியில் மழைக்குப் பிந்தைய மாதங்களில் உண்ணி வகைப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் வரும். சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும். இவளுக்கு இல்லை. எலிக்காய்ச்சலில் கண் சிவந்து கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும். அதில் வெள்ளணு கூடுவதே வழக்கம். சிக்குன்குனியாவில் மூட்டு வீங்கி, காலை ஊன்ற முடியாமல் நடப்பார்கள். டைஃபாய்டு முதல் மூன்று நாளில் இவ்வளவு வேகமாக ஏறுவது குறைவு. மலேரியாவுக்கு ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம்) நுண்ணோக்கியில் பார்த்தாகிவிட்டது, அதுவும் இல்லை.

முதல் தாள்

ஹீமோகுளோபின் 10.3. பி.சி.வி., அதாவது ரத்தத்தில் அணுக்களின் பங்கு, 31.5 சதவீதம். மொத்த வெள்ளணு 3,400. அதில் நியூட்ரோபில் 62 சதவீதம், லிம்போசைட் 32. பிளேட்லெட் 1,62,000. சிவப்பணுவின் சராசரி அளவு 68, அதாவது அளவில் சிறியவை. இரும்புச்சத்துக் குறைவுள்ள குழந்தை. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் இது புதிதில்லை. அப்போதைக்கு அது முக்கியமாகவும் தோன்றவில்லை. பின்னால் அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது.

லேப்காரர் என்.எஸ்.1 கார்டு பரிசோதனையும் செய்திருந்தார். நெகட்டிவ். அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப டெங்கு இல்லல்லா சார்?"

இருக்கலாம் என்றேன். என்.எஸ்.1 என்பது வைரஸ் வெளிவிடும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை ரத்தத்தில் கிடைக்கும். ஆனால் முன்பே ஒரு முறை டெங்கு வந்துபோன உடலில், பழைய எதிர்ப்புப் புரதங்கள் இந்த என்.எஸ்.1ஐச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அப்போது கார்டில் கோடு விழாமல் போகலாம். டெங்கு வைரஸில் நான்கு வகைகள். ஒன்று வந்துபோனால் அந்த வகைக்குத்தான் நீண்ட காலப் பாதுகாப்பு. இரண்டாவதாக வேறு வகை தொற்றும்போதுதான் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆக, கார்டு ஏமாற்ற அதிக வாய்ப்புள்ளது, அதிக ஆபத்துள்ள நோயாளியிடம்தான். அரசுக் கணக்கில் இந்த வகை விரைவுக் கார்டுகளை உறுதிப்படுத்தும் சோதனையாக ஏற்காமல் ஆய்வகத்தில் செய்யும் எலைசா முறையைக் கேட்பது சரியான முடிவு. கார்டின் நெகட்டிவை வைத்து ஒரு குடும்பத்தை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அபாய அறிகுறி எதுவும் இல்லை. கஞ்சி, உப்பு சர்க்கரைக் கரைசல், இளநீர் குடிக்க முடிந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொண்டு மறுநாள் ரத்தம் எடுக்க வரச் சொன்னேன்.

திங்கட்கிழமை: நான் சொல்ல மறந்த ஒரு வாக்கியம்

நான்காம் நாள். வெப்பம் 101. பார்வைக்கு நேற்றைவிடத் தெளிவாகவே இருந்தாள். தாளில் வெள்ளணு 2,300. நியூட்ரோபில் 38, லிம்போசைட் 54. பிளேட்லெட் 1,08,000. பி.சி.வி. 33.2.

இந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளணு வரிசை. வெள்ளணு ஐயாயிரத்துக்குக் கீழே போய், நியூட்ரோபிலை லிம்போசைட் முந்திவிட்டால், அடுத்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் விடப்போகிறது என்று எதிர்பார்க்கலாம். தாய்லாந்து, இலங்கை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணிப்பு இது. நானும் பல குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன். ஸ்மியரில் ஓரம் விரிந்து நீலம் பாய்ந்த பெரிய லிம்போசைட்டுகளும் நிறையத் தென்பட்டன. வைரஸோடு உடல் மும்முரமாகப் போராடும் கட்டம். பிளேட்லெட் ஒரு லட்சத்தை நெருங்கி இறங்குவதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது: ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாய்களிலிருந்து கசியும் கட்டம் வாசலுக்கு வந்துவிட்டது.

அட்மிட் ஆகச் சொன்னேன். அப்பா தயங்கினார். "பிளேட்லெட் லட்சத்துக்கு மேலதான இருக்கு சார்? ஐம்பதாயிரத்துக்குக் கீழ போனாத்தான் சேக்கணும்னு சொல்லுதாங்க." வீட்டில் சின்னப் பையன் ஒருவன், வயலில் நடவு, அன்று என்னிடமும் படுக்கை காலியில்லை. மாலை ஐந்து மணிக்கு ஒரு படுக்கை காலியாகும், அப்போது வந்துவிடுங்கள் என்று அனுப்பினேன். போகும்போது சொன்னேன்: "காய்ச்சல் கூடினாலோ, எங்கேயாவது ரத்தம் வந்தாலோ, அஞ்சு மணிவரைக்கும் காத்திருக்காம உடனே வந்துடணும்."

காய்ச்சல் விட்டாலும் வந்துடணும் என்று சொல்லவில்லை. அடுத்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் விடும் என்று நானே கணித்துவிட்டு, அதைச் சொல்லாமல் விட்டேன். மாலையிலேயே காய்ச்சல் இறங்கத் தொடங்கியது, அவர்கள் வரவில்லை. இரவு பத்து மணிக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. "விட்டுட்டு"ன்னு நினைத்து அவர்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள். வேறு எந்தக் காய்ச்சலிலும் எந்தப் பெற்றோரும் அதைத்தான் செய்வார்கள். தவறு முழுக்க என்னுடையது.

செவ்வாய் காலை

ஒன்பது மணிக்கு ஆட்டோவில் வந்தார்கள். வெப்பம் 98.6. விடியற்காலையிலிருந்து நான்கு வாந்தி, வயிற்று வலி. கடைசி வாந்தி சிவப்பாக இருந்தது என்று அம்மா அழுதுகொண்டே புடவைத் தலைப்பைக் காட்டினார். நேற்று என்ன குடித்தாள் என்று கேட்டேன். பீட்ரூட் சாறு. ரத்தம் ஊறட்டும் என்று இரண்டு டம்ளர் கொடுத்திருக்கிறார். கறை கருஞ்சிவப்பாகவோ காப்பித்தூள் போலவோ இல்லை, பீட்ரூட்டின் ஊதாதான். டெங்குக் காய்ச்சலில் பீட்ரூட், மாதுளை போன்ற நிறமுள்ள சாறு வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். வாந்தியில் வருவது சாறா ரத்தமா என்று தெரியாமல் போகும்.

அவள் என்னைப் பார்த்தாள், பேசவில்லை. நேற்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன பிள்ளை. உள்ளங்கையும் பாதமும் சில்லிட்டிருந்தன. நெற்றி வியர்த்திருந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனது. நேற்று இரவு எட்டு மணிக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. நாடி 118, மெலிதாக ஓடியது. ரத்த அழுத்தம் 96/76.

"பிரஷர் நார்மல்தான் டாக்டர்" என்றார் நர்ஸ். மேல் எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கீழ் எண்ணைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஞாயிறன்று 100க்கும் 64க்கும் இடையே 36 இருந்தது. இப்போது 20. ரத்தக் குழாய்களில் அளவு குறையும்போது உடல் குழாய்களை இறுக்கி மேல் எண்ணைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த இறுக்கத்தில் கீழ் எண் ஏறுகிறது. குழந்தைகளிடம் இடைவெளி 20ஐத் தொட்டால் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை. மேல் எண் சரியும்வரை காத்திருந்தால் நேரம் கைமீறிப் போய்விடும்.

பத்து நிமிடத்தில் தாள் வந்தது. பிளேட்லெட் 54,000, பக்கத்தில் ஸ்டார்: எண் இயல்பு வரம்புக்கு வெளியே இருந்தால் லேப் போடும் குறி. வெள்ளணு 2,900, அதற்கும் ஸ்டார். ஹீமோகுளோபின் 12.9, பி.சி.வி. 39.4. இந்த இரண்டுக்கும் ஸ்டார் இல்லை. லேப் அச்சிட்டிருந்த இயல்பு வரம்பு 35 முதல் 45 வரை. 39.4 அதற்குள் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. உண்மையில் வரம்புக்குக் கீழே என்று ஸ்டார் விழுந்தது ஞாயிறு, திங்கள் தாள்களில்தான்.

அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, அழுகைக்கு நடுவிலும், "ரத்தம் ஏறியிருக்கே சார், பத்துல இருந்து பதிமூணு ஆயிட்டே" என்றார். ஒரு நல்ல செய்தியாவது இருக்கட்டும் என்று தேடுகிற குரல் அது. இரண்டே நாளில் யாருக்கும் அவ்வளவு ரத்தம் ஊறாது. குழம்பைச் சுண்ட வைத்தால் சட்டியில் காய் நிறைந்து தெரியும். காய் கூடியிருக்காது, தண்ணீர்தான் போயிருக்கும். அவருக்கும் அப்படித்தான் சொன்னேன்.

பி.சி.வி. என்பது நூறு பங்கு ரத்தத்தில் அணுக்கள் எத்தனை பங்கு என்ற கணக்கு. டெங்குவில் நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் கசிகிறது. அணுக்கள் குழாய்க்குள்ளேயே நிற்கின்றன. மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகிறது. அந்த நோயாளியின் சொந்த அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமானது. இவள் 31.5லிருந்து 39.4. ஏற்றம் 25 சதவீதம். ரத்தசோகை இல்லாத, 38ல் தொடங்கும் ஒரு குழந்தையாக இருந்தால் இதே ஏற்றம் 47க்கு மேல் போய், தாளில் ஸ்டார் விழுந்து, யார் கண்ணிலும் பட்டிருக்கும். ரத்தசோகை அந்த அடையாளத்தை மறைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தாள் இல்லாமல், செவ்வாயன்று முதன்முறையாக இவளைப் பார்க்கிற எந்த மருத்துவரையும் 39.4 ஏமாற்றியிருக்கும். ஆகவே காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் ஒரு ரத்த எண்ணிக்கை எடுத்து வைப்பதை நான் வற்புறுத்துகிறேன். அது நோயைக் கண்டுபிடிக்க மட்டும் இல்லை. ஐந்தாம் நாள் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதற்கும் அதுதான் வேண்டும்.

அன்று காலை என் மேசைமேல் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்தேன். பி.சி.வி. 31.5, 33.2, 39.4. பிளேட்லெட் 1,62,000, 1,08,000, 54,000. ஒன்று ஏற, மற்றது இறங்க. கத்தரிக்கோல் விரிந்ததுபோல. கார்டு நெகட்டிவாகவே இருந்தாலும் இந்த விரிசலோடு, விட்ட காய்ச்சலும் சில்லிட்ட கையும் சேர்ந்தால் நோய்க்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. நடத்தவேண்டிய சிகிச்சைக்கும் மேற்கொண்டு அத்தாட்சி தேவையில்லை.

நீர்க் கணக்கு

முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 10 மி.லி. வீதம் 280 மி.லி. நார்மல் சலைன். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லி வைத்தேன். முதல் மணியில் மாற்றம் தெரியாவிட்டால் 108ல் ஏற்றிவிடுவது என்று முடிவு. ஒரு மணி நேரம் கழித்து நாடி 102, ரத்த அழுத்தம் 98/68, கை சூடாகத் தொடங்கியது. பி.சி.வி. 36.1. அங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்ற துணிவு அப்போதுதான் வந்தது.

பிறகு இரண்டு மணி நேரம் மணிக்கு 200 மி.லி., அடுத்த நான்கு மணி நேரம் 140, அதன்பின் 70. வெளியே வரும் சிறுநீர் மணிக்கு 14 முதல் 28 மி.லி.க்குள் இருந்தால் போதும். அதற்குமேல் வரவேண்டும் என்று டிரிப்ஸை ஓட்டினால், கசிகிற குழாய் வழியே அத்தனையும் நெஞ்சுக்குள்தான் இறங்கும். டெங்குவில் நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. இலங்கையின் தேசிய வழிகாட்டியில் இதற்கு ஒரு வரம்புக் கணக்கு உண்டு: ஒரு நாள் பராமரிப்பு நீர், அதோடு உடல் எடையில் 5 சதவீதம். இவளுக்கு 1,660, கூட 1,400. ஆபத்துக் கட்டம் முழுவதற்கும் ஏறத்தாழ 3,060 மி.லி. எங்கள் கணக்கும் கடைசியில் அதைச் சுற்றித்தான் முடிந்தது. மணிக்கு மணி நாடி, அழுத்தம், சிறுநீர், சில மணிக்கு ஒரு பி.சி.வி. என்று ஒரே தாளில் பதியும் அவர்களுடைய முறையை நான் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுவரில் ஒட்டிய அந்தத் தாளை அப்பாவே நேரம் பார்த்து நர்ஸுக்கு நினைவூட்டினார்.

பிற்பகல் ஸ்கேனில் பித்தப்பையின் சுவர் தடித்திருந்தது. வலப்பக்க நுரையீரலைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம், வயிற்றில் கொஞ்சம் நீர். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளில் ஏ.எஸ்.டி. 212, ஏ.எல்.டி. 118. டெங்குவில் ஏ.எஸ்.டி. முந்தி நிற்பது வழக்கம்தான்.

இரவு இரண்டு மணிக்குப் பி.சி.வி. மறுபடி 37.4, நாடி 110. இரண்டு மணி நேரம் 140க்கு ஏற்றி, நான்கு மணிக்கு மறுபடி 70க்குக் குறைத்தோம். கசிவு 24 முதல் 48 மணி நேரம் ஓடும், நடுவில் இப்படி ஒரு தடவை எழும்புவது உண்டு. நர்ஸ் அந்த ரத்தத்தை எடுக்காமல் தூங்கவிட்டிருந்தால் காலையில் பழைய இடத்துக்கே வந்திருப்போம்.

பிளேட்லெட் என்ற பயம்

புதன்கிழமை பி.சி.வி. 34.6. குழந்தை தெளிந்துகொண்டிருந்தாள். ஆனால் அன்றுதான் வீட்டாருக்குப் பயம் உச்சத்தில் இருந்தது. மெஷின் பிளேட்லெட்டை 41,000 என்றது. ஸ்மியரில் நான் எண்ணியபோது ஒரு ஃபீல்டுக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டு. சுமார் 20,000தான் இருக்கும். மெஷின் அணுக்களை அளவை வைத்துப் பிரிக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் சிறுத்த சிவப்பணுக்களில் சிலவற்றை அது பிளேட்லெட் கணக்கில் சேர்த்துவிடும். சில சமயம் பிளேட்லெட்டுகள் கட்டி சேர்ந்து, உள்ளதைவிடக் குறைவாகவும் காட்டும்.

"நாங்க நாலு பேர் ரத்தம் குடுக்கோம் சார், ஏத்திருங்க" என்று மாமாமார் வந்து நின்றார்கள். ஏற்றவில்லை. ஈறில் ரத்தமில்லை, மலம் கறுக்கவில்லை, நாடி நிதானம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000க்குக் கீழ் போன பெரியவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2017ல் வெளியான ஆய்வில், ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தப்போக்கு குறையவில்லை. கசியும் கட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு அது கூடுதல் நீர்ச்சுமையும்கூட.

பப்பாளி இலைச் சாறும் வந்தது, பாட்டியின் அன்போடு. வாந்தி நின்று அரை நாள்கூட ஆகாத வயிற்றுக்கு அந்தக் கசப்பு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பாட்டி மனம் நொந்தார். டெங்குவில் ஆறு, ஏழாம் நாளில் அடிமட்டம் தொட்டபின் பிளேட்லெட் தானாகவே ஏறும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதுதான் ஏற்றியதாகத் தோன்றும். அதையும் அவரிடம் உட்கார்ந்து சொன்னேன்.

தெளிந்தது

புதன் இரவு எட்டு மணிக்கு டிரிப்ஸை நிறுத்தினோம். வியாழன் காலை ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ் போனபோது அவளே சொன்னாள்: "பசிக்கு." இரண்டு இட்லி சாப்பிட்டாள். நாடி 64. சிறுநீர் தாராளமாகப் போனது. பி.சி.வி. 31.

இந்த இறக்கமும் குழப்பக்கூடியது. உள்ளே ரத்தம் கசிந்தாலும் பி.சி.வி. இறங்கும், வெளியேறிய நீர் குழாய்க்குத் திரும்பினாலும் இறங்கும். முன்னதில் நாடி ஓடும், முகம் வெளிறும், வயிறு வலிக்கும். இவளுக்கு நாடி நிதானம், கை சூடு, பசி. திரும்பிய நீர்தான். இந்த நேரத்தில் டிரிப்ஸைத் தொடர்ந்தால் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

மாலையில் பாதமும் உள்ளங்கையும் அரித்தன. கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தோலுக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளைத் திட்டுகள். இதைப் பார்த்ததும் அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "மூணு வருசத்துக்கு முன்னால ஒரு காய்ச்ச வந்து விட்ட பொறவு இதே மாதிரி காலெல்லாம் வந்துச்சு சார்." செவ்வாயன்று எடுத்தனுப்பிய ரத்தத்தின் எலைசா முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. புதிய தொற்றில் முதலில் வரும் எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.எம். பாசிட்டிவ். நெடுநாள் நிற்கும் எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஜி.யும் ஐந்தாம் நாளிலேயே நன்றாக உயர்ந்திருந்தது. முதல் தொற்றில் ஐ.ஜி.ஜி. அவ்வளவு சீக்கிரம் ஏறாது. இது இரண்டாவது. கார்டில் ஏன் கோடு விழவில்லை என்பதற்கும் விளக்கம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பிளேட்லெட் 62,000, ஸ்மியரிலும் அதையொட்டியே. காய்ச்சல் விட்டு மூன்று நாளுக்கு மேல். டிரிப்ஸ் இல்லாமலே பி.சி.வி. நிலையாக இருந்தது. அனுப்பினேன். சுகாதாரத் துறைக்குத் தகவல் போனதும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்குச் சென்றார்கள். கொல்லையில் யாரும் தொடாமல் கிடந்த பழைய ஆட்டுக்கல்லின் குழியில் மழைத்தண்ணீர், அதில் புழுக்கள். 2012ல் கடையநல்லூரில் டெங்கு வீடு வீடாகப் பரவியபோதும் இப்படித்தான், ஓடையும் சாக்கடையும் பழி சுமக்க, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளிருந்த தெளிந்த தண்ணீரில் வளர்ந்தது.

அந்த வாரத்துக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு காய்ச்சல் நோயாளியின் சீட்டிலும் என் கையால் ஒரு வரி எழுதுகிறேன்: "காய்ச்சல் விட்டதும் அன்றே வரவும்." அச்சடித்த சீட்டில் இருந்தால் படிக்க மாட்டார்கள் என்பதால் பேனாவில் எழுதி, வாய்விட்டும் படித்துக் காட்டுகிறேன். அதோடு மூன்று கேள்விகள்: வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா.

மூன்று வாரம் கழித்து அவள் பள்ளிச் சீருடையில் வந்தாள். ஹீமோகுளோபின் 10.4, பி.சி.வி. 32. பூச்சி மாத்திரை கொடுத்து, இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதத்துக்கு எழுதினேன். அவளுடைய நோட்டின் முதல் பக்கத்தில், ரத்த வகைக்குக் கீழே, "காய்ச்சல் இல்லாதபோது பி.சி.வி. 32" என்று எழுதித் தேதி போட்டேன். மாத்திரை முடிந்ததும் மறுபடி வந்து ரத்தம் பார்க்க வேண்டும், அப்போது இந்த எண் கூடியிருக்கும், அடித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும் என்றேன். அம்மா அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.